கல் தீர்ந்துபோன ஊரில் ஹான்சல் எதைப் போட்டுக்கொண்டு போவான்?

கேள்வி: அக்கா, எனக்குக் குலசேகரம் பக்கத்தில் ஒரு கிராமம். வயது 22. ட்யூஷன் சென்டரில் கணக்கு எடுக்கிறேன், ராத்திரி உட்கார்ந்து ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். பஞ்சத்தில் பெற்றவர்கள் காட்டில் கொண்டு விட்ட அண்ணன் தங்கையின் ஜெர்மன் கதை இருக்கிறதே, ஹான்சல், கிரெட்டல், அந்தக் கதைதான், ஆனால் 2094-ல் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் நடக்கிறது. மலை எல்லாவற்றையும் உடைத்து விற்றாயிற்று, தூசியில் நிலா தெரியாது, சோறு ஒரு கம்பெனியின் கையில். பெற்ற அம்மாவே பிள்ளைகளைக் காட்டில் விட்டாள் என்றால் தமிழில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், சித்தியாக்கிவிடு என்று தோழி சொல்கிறாள். நான் அம்மா அப்பா தலையில் கம்பெனி ஒரு சிப் வைத்ததாகவும், அதனால்தான் அப்படிச் செய்தார்கள் என்றும் எழுதிவிட்டேன். சரியா? வாசித்தவர்கள் எல்லாரும் மொழிபெயர்ப்பு மாதிரி இருக்கிறது என்கிறார்கள், ஏன்? கடைசியில் பிள்ளைகள் இரண்டும் செத்துப்போகிறார்கள், டிஸ்டோபியா, அதாவது கெட்டுப்போன எதிர்காலத்தைச் சொல்கிற கதை என்றால் அப்படித்தானே முடிய வேண்டும்? முதல் நாற்பது பக்கம் அனுப்பியிருக்கிறேன். அப்புறம், இது கேள்விக்குச் சம்பந்தமில்லாதது. 2017 ஒக்கி புயலில் அப்பா ரப்பர் பால் வெட்டிக்கொண்டிருந்த தோட்டத்து மரமெல்லாம் விழுந்து வேலை போனபோது, தம்பியை எங்கேயாவது ஆஸ்டலில் கொண்டு விட்டுவிடலாம் என்று அம்மாவும் அப்பாவும் ஒரு ராத்திரி பேசியதை, தூங்குகிற மாதிரி கிடந்து கேட்டேன். அதனாலோ என்னவோ இந்தக் கதை எனக்குப் பிடிக்கும்.

பதில்: தங்கச்சி, சம்பந்தமில்லாதது என்று கடைசியில் எழுதியிருக்கிறீர்களே, உங்கள் நாவல் அங்கேதான் இருக்கிறது. நாற்பது பக்கத்தையும் இரண்டு தடவை வாசித்துவிட்டுத்தான் சொல்கிறேன். கைப்பிரதி வாசித்துத் திருத்துவது இருபது வருஷமாக என் தொழில், எழுதின பக்கங்களில் இல்லாத விஷயத்தைப் பல பேர் கிளம்பும்போது வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே சொல்லிவிட்டுப் போவார்கள். நீங்கள் கடிதத்தின் அடியில் வைத்திருக்கிறீர்கள்.

முதலில் அந்த அம்மா விஷயம். உங்கள் தோழி சொன்ன அதே யோசனை இந்தக் கதையைத் தொகுத்த கிரிம் சகோதரர்களுக்கும் வந்திருக்கிறது. 1812-ல் அவர்கள் அச்சிட்ட முதல் பதிப்பில் அந்தப் பெண் பிள்ளைகளைப் பெற்ற அம்மாதான். வீட்டில் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுகிற புத்தகமாக அது ஆக ஆக, பதிப்புக்குப் பதிப்பு மாற்றிக்கொண்டே வந்தார்கள், 1840-ல் வந்த நான்காம் பதிப்பில் அவள் மாற்றாந்தாய் ஆகிவிட்டாள். நாம் எல்லாரும் கேட்டு வளர்ந்தது இந்த இரண்டாவது ஆளைத்தான். அவர்கள் மாற்றியதற்கு அவர்களுக்குக் காரணம் இருந்தது, கேட்கிறது நாலு வயதுப் பிள்ளை. உங்களுக்கு அந்தக் காரணம் இல்லை, நீங்கள் பெரியவர்களுக்கு எழுதுகிறீர்கள். பெற்றவளைத் திரும்பக் கொண்டுவாருங்கள்.

தமிழில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்பதும் சரியில்லை. நல்லதங்காளை என்ன செய்தோம்? பன்னிரண்டு வருஷப் பஞ்சத்தில் அண்ணன் வீட்டைத் தேடிப் போய், அண்ணி மூளி அலங்காரி படுத்திய பாட்டில் வெறுத்துத் திரும்பி, ஏழு பிள்ளைகளையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கிணற்றில் போட்டுவிட்டுத் தானும் குதித்தவள். அந்தக் கதையை நம் ஜனம் தலைமுறை தலைமுறையாகப் பாடி அழுதிருக்கிறது, வத்திராயிருப்பு பக்கம் அர்ச்சுனாபுரத்தில் அவளுக்குக் கோயிலே இருக்கிறது. பசி என்ன செய்யும் என்று தெரிந்த வாசகர்கள்தான் நாம்.

இனி உங்கள் சிப். அதை எடுத்துவிடுங்கள். ஏன் இவ்வளவு பிடிவாதமாகச் சொல்கிறேன் என்றால், மூலக்கதையில் அந்த ராத்திரியைக் கொஞ்சம் நிதானமாக வாசித்துப் பாருங்கள். மரம் வெட்டுகிறவர் வீடு, நாடு முழுக்கப் பஞ்சம், நாலு வயிறு. படுக்கையில் அவள்தான் ஆரம்பிக்கிறாள், விடியும்போது பிள்ளைகளைக் காட்டுக்குள் கூட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டு வந்துவிடலாம் என்று. அவர் முடியாது என்கிறார், மிருகம் தின்றுவிடுமே என்கிறார். அப்படியானால் நாலு பேருக்கும் பெட்டிக்குப் பலகை சீவி வை என்கிறாள். அவர் சரி என்று சொல்லும்வரை விடவில்லை. சுவருக்கு இந்தப் பக்கம், பசியில் தூக்கம் வராமல் கிடக்கிற இரண்டு பிள்ளைகளும் ஒரு சொல் விடாமல் கேட்கிறார்கள். பெட்டிக்குப் பலகை சீவு என்ற அந்தப் பேச்சு இருக்கிறதே, எத்தனை தடவை வாசித்தாலும் எனக்கு வயிறு கலங்கும். அவள் சொல்வது கணக்குப்படி சரி, அதுதான் பயங்கரம். நாலு பேர் சாவதா, இரண்டு பேர் பிழைப்பதா.

சிப் வைத்தால் இந்தக் கணக்கு போய்விடுகிறது. அவர்கள் செய்யவில்லை, சிப் செய்தது என்றாகிவிடும், அப்பாவையும் அம்மாவையும் நீங்கள் காப்பாற்றிவிட்டீர்கள், பிள்ளைகள் கேட்ட பேச்சுக்கு அர்த்தமே இல்லாமல் போய்விட்டது. உங்கள் அப்பா அம்மாவைக் காப்பாற்றத்தான் அந்தச் சிப் வந்ததோ என்றுகூட எனக்குத் தோன்றியது, தப்பாக இருந்தால் மன்னித்துவிடுங்கள்.

ஐரோப்பாவில் 1315-லிருந்து மழை விடாமல் பெய்து பயிர் அழுகிப் பெரும் பஞ்சம் வந்தது, அந்த நினைவுதான் இந்தக் கதையில் கிடக்கிறது என்று சொல்கிறவர்கள் உண்டு. நம் பக்கத்துக்கும் இது தூரத்துக் கதை இல்லை. 1942-ல் பர்மா ஜப்பான்காரர்கள் கைக்குப் போனதும் திருவிதாங்கூருக்கு வந்துகொண்டிருந்த பர்மா அரிசி நின்றது, நம் மாவட்டம் அப்போது திருவிதாங்கூரில்தானே இருந்தது. மரச்சீனிக் கிழங்குதான் ஜனத்தைத் தாங்கியது. 1880-களில் விசாகம் திருநாள் மகாராஜா அதைப் பயிரிடச் சொல்லிப் பரப்பியது எவ்வளவு பெரிய காரியம் என்று அறுபது வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. என் பாட்டி அந்த நாளைப் பற்றி அதிகம் பேசமாட்டாள். ஒரே ஒரு தடவை, கிழங்கு அவித்த தண்ணியை வடித்துக்கொண்டே, அப்போது வீட்டில் யாருக்கு முதலில் கஞ்சி ஊற்றுவது என்று ஒரு வரிசை இருந்தது, கூலிக்குப் போகிற ஆளுக்கு முதலில், மாட்டுக்குப் பாதி, பொட்டப்பிள்ளைக்குக் கடைசி என்று சொன்னாள். சொல்லியிருக்கக் கூடாது என்பது மாதிரி பானையைத் தூக்கிக்கொண்டு எழுந்து போய்விட்டாள். இன்றைக்கும் எனக்கு அந்த வரிசைதான் ஞாபகம் இருக்கிறது, பஞ்சம் எந்த வருஷம், அரிசி என்ன விலை என்பதெல்லாம் புத்தகத்தில் பார்த்துத் தெரிந்துகொண்டது. உங்கள் 2094-ல் அப்படி ஒரு வரிசை எங்கே?

மொழிபெயர்ப்பு மாதிரி இருக்கிறது என்று சொல்கிறார்களே, அதற்கும் பதில் கிட்டத்தட்ட இதுதான். உங்கள் வாக்கியங்களில் குறையில்லை, நன்றாகவே எழுதுகிறீர்கள். பொருட்கள் நம்முடையவையாக இல்லை. பறக்கும் டிரோன், கண்ணாடிக் கோபுரம், உணவு மாத்திரை, ஆரோன்-எக்ஸ், ஈவா-7 என்று பேர். இதெல்லாம் நீங்கள் பார்த்த படங்களிலிருந்து வந்தது. பேரை முதலில் மாற்றுங்கள், சஜின், அபிஷா என்று வையுங்கள், பத்து பக்கம் தானாக நேராகிவிடும். கெட்டுப்போன எதிர்காலத்தை வெளியிலிருந்து வரவழைக்கத் தேவையில்லை, இன்றைக்கு நம் ரோட்டில் ஓடுகிறதை இன்னும் எழுபது வருஷம் ஓடவிட்டாலே போதும்.

உங்கள் நாற்பது பக்கத்தில் இதை நீங்களே ஒரு இடத்தில் செய்திருக்கிறீர்கள், இருபத்தேழாம் பக்கம். பையன் ரேஷன் கடை இயந்திரத்தில் விரலை வைக்கிறான், பால் வெட்டி வெட்டி ரேகை தேய்ந்த விரல், இயந்திரம் ஆள் இல்லை என்கிறது. மூலக்கதையில் பிள்ளைகளைப் பிடித்துத் தின்கிற, கண் மங்கின சூனியக்காரி, பையன் கொழுத்துவிட்டானா என்று விரலைத் தடவிப் பார்ப்பாள், அவன் ஒரு எலும்பை நீட்டி ஏமாற்றுவான். அதைக் கைரேகை இயந்திரமாக மாற்றினீர்களே, நான் பென்சிலை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். ரேகை விழாமல் திரும்பி வந்த வயசான கூலிக்காரர்களை எனக்கே தெரியும். அந்தப் பக்கத்தில் ஒரு எழுத்தைத் தொடாதீர்கள்.

இப்போது நீங்கள் கவனிக்காமல் தாண்டிப்போன பெரிய விஷயத்துக்கு வருகிறேன். கல்.

மலை எல்லாம் போய்விட்டது என்று முதல் பக்கத்தில் எழுதுகிறீர்கள். பதினெட்டாம் பக்கத்தில் சஜின் முற்றத்தில் கூழாங்கல் பொறுக்கிப் பையை நிறைத்துக்கொண்டு, வழி நெடுக ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு போகிறான். எங்கிருந்து வந்தது? ஜல்லியாகவும் எம்-சாண்டாகவும் கடைசிக் கல்வரை லாரியில் ஏறிப்போன ஊர் அது. இன்றைக்கே ராத்திரி முழுக்க டிப்பர் லாரி கேரளாவுக்குக் கல் ஏற்றிக்கொண்டு நம் ரோட்டில் வரிசையாகப் போகிறது, ஓட்டு வீட்டில் பாத்திரம் தட்டில் நின்று ஆடுகிற சத்தத்தோடு நீங்களும் தூங்கியிருப்பீர்கள். அந்த ஊரில் ஒரு பிள்ளை வீட்டுக்குத் திரும்புகிற வழியை அடையாளம் வைக்க ஒரு கல் வேண்டும் என்று தேடுகிறான், கிடைக்கவில்லை. தங்கச்சி, உங்கள் முழு டிஸ்டோபியாவும் அந்த ஒரு தேடலில் இருக்கிறது. கம்பெனி எவ்வளவு கொடூரமானது என்று நீங்கள் ஆறு பக்கம் விவரித்ததெல்லாம் வேண்டாம், அவன் வீட்டைச் சுற்றிக் கல் தேடுகிறதை இரண்டு பக்கம் எழுதுங்கள்.

எங்கே தேடுவான்? அம்மி. ஆட்டுக்கல். அஸ்திவாரம். கல்லறைத் தோட்டம். பாட்டியின் அம்மியை அவன் உடைக்கிறானா இல்லையா என்பது ஒரு முழு அத்தியாயம்.

இன்னொன்றும் சொல்கிறேன், விருப்பமிருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். மூலக்கதையில் அந்தக் கூழாங்கல் நிலா வெளிச்சத்தில் வெள்ளிக்காசு மாதிரி மின்னும், அதைப் பார்த்துத்தான் திரும்பி வருவார்கள். உங்கள் உலகத்தில் நிலா தெரியாது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள், வெள்ளைக்கல் கிடைத்தாலும் பிரயோஜனமில்லை. நாங்கள் சின்னப்பிள்ளையில் வெள்ளாரங்கல் இரண்டு எடுத்துக்கொண்டு போர்வைக்குள் நுழைந்துகொள்வோம், தக்கலை பக்கம் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓடை மணலில் கிடக்கும். இருட்டில் ஒன்றோடு ஒன்றை அழுத்தித் தேய்த்தால் கல்லுக்கு உள்ளேயிருந்து மஞ்சளாக ஒரு வெளிச்சம் வரும், தேய்க்கிற வரைக்கும்தான், நிறுத்தினால் அணைந்துவிடும், மூக்கில் கருகின மாதிரி ஒரு வாசனை ஏறும். அது தீப்பொறி இல்லை, குவார்ட்ஸ் கல்லைத் தேய்த்தால் அப்படி ஒளி விடும், தண்ணிக்குள் வைத்துத் தேய்த்தாலும் விடும். நிலா இல்லாத ஊரில் இரண்டு பிள்ளைகளிடம் அப்படி இரண்டே இரண்டு கல் இருந்தால் வழியில் போட மனசு வருமா? போட்டால் வெளிச்சம் இல்லை, வைத்துக்கொண்டால் வழி இல்லை. இதை எழுத எனக்கே கை பரபரக்கிறது, ஆனால் நாவல் உங்களுடையது.

மூலக்கதையில் இரண்டாவது தடவை கல் கிடைக்காமல் ரொட்டித் துண்டைப் போட்டுக்கொண்டு போவான், அதைப் பறவை தின்றுவிடும். அந்த ரொட்டித் துண்டுக்கு நீங்கள் உணவு மாத்திரை போட்டிருக்கிறீர்கள். மாத்திரையைப் பறவை தின்னாது. கருவாட்டுத் துண்டு போடட்டும், அவித்த கிழங்கு போடட்டும், தங்கள் பங்கைத் தின்னாமல் போடுகிறார்கள் என்பது வலிக்க வேண்டுமே.

மூலக்கதையில் தின்பண்டத்தால் கட்டின சூனியக்காரி வீட்டுக்கும் அதே கதிதான் வந்திருக்கிறது. பீட்சா, பர்கர் அடுக்கின கண்ணாடிக் கடை. பசித்த பிள்ளை பீட்சா கனவு காணுமா? அந்த வீட்டுக்குக் கூரையில் கருப்பட்டி வட்டு பாவுங்கள், சுவருக்கு முந்திரிக்கொத்து அடுக்குங்கள், ஜன்னல் கம்பிக்கு அச்சுமுறுக்கு. கிறிஸ்துமஸ் ராத்திரியில் தின்றது அது, பிள்ளை அழுதுகொண்டே தின்னும். உள்ளேயிருந்து யார் என் வீட்டைக் கொறிக்கிறது என்று குரல் வரும்போது மூலக்கதையில் பிள்ளைகள் காற்று, காற்று என்று பதில் சொல்வார்கள். காற்று என்று சொன்னால் நம்புகிற இடம் நம் மாவட்டத்தில் எது? ஆரல்வாய்மொழி. முப்பந்தல் காற்றாலையெல்லாம் துருப்பிடித்து நிற்கிற அடிவாரத்தில் அந்த வீட்டைக் கொண்டு வையுங்கள், ஆடி மாசம் அங்கே நின்றவர்களுக்கு அந்தப் பதில் ஏன் எடுபட்டது என்று சொல்லவே வேண்டாம்.

அந்தச் சூனியக்காரி யார் என்பதற்கு, கணினி மூளை என்று நீங்கள் எழுதியிருப்பது எனக்கு ஒட்டவில்லை. தாடகை மலையைப் பார்த்திருப்பீர்கள், ஒரு பெண் மல்லாந்து படுத்திருக்கிற மாதிரி இருக்கும், தாடகை விழுந்து கிடக்கிறாள் என்றுதான் நமக்குச் சொன்னார்கள். அந்த மலையையும் உடைத்துவிட்டார்கள் என்று வையுங்கள். படுத்திருந்தவளுக்குப் படுக்க இடமில்லாமல் போனால் எழுந்துதானே ஆக வேண்டும், அவளுக்கும் பசிக்குமே. இப்படி யோசித்தால் அவள் பிள்ளைகளைத் தின்ன வருவதற்கு ஒரு நியாயம்கூட வந்துவிடுகிறது. கையில் பிள்ளையோடு நிற்கிற இசக்கியை நம் பக்கத்துப் பெண்கள் பயந்துகொண்டும் கும்பிடுகிறார்கள், பிள்ளைவரம் வேண்டியும் கும்பிடுகிறார்கள், பயமும் நம்பிக்கையும் ஒரே ஆளிடம் வைக்கிற பழக்கம் நமக்கு ஏற்கெனவே இருக்கிறது. கம்பெனி பின்னால் இருக்கட்டும், லாரி நம்பராகவும் ரேஷன் சீட்டாகவும் வந்தால் போதும்.

முடிவு. செத்துத்தான் ஆக வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. பிள்ளைகளைக் கொன்றுவிட்டால் எழுதுகிறவருக்கு வேலை சுலபமாகிவிடும் என்பதுதான் என் அனுபவம், கனமாக முடிந்த மாதிரியும் இருக்கும், கஷ்டமான அத்தியாயத்தை எழுதாமலும் தப்பிக்கலாம். அந்தக் கஷ்டமான அத்தியாயம் வீடு திரும்புவது. மூலக்கதையில் அபிஷாதான், அதாவது கிரெட்டல்தான், சூனியக்காரியை அடுப்பில் தள்ளித் தப்பிக்க வழி செய்கிறாள், திரும்பும் வழியில் பெரிய தண்ணி குறுக்கே வரும்போது, அக்கரை சேர்க்க வருகிற வாத்தின்மேல் இரண்டு பேரும் ஏறினால் தாங்காது, ஒவ்வொருவராகப் போவோம் என்று யோசித்துச் சொல்கிறவளும் அவள்தான். வாத்துக்குப் பதில் உங்களிடம் மாத்தூர் தொட்டிப்பாலம் இருக்கிறது, உங்கள் ஊரிலிருந்து பக்கம்தானே. 1966-ல் வறட்சிக்காகக் கட்டினது, பரளியாற்றுக்கு மேலே 115 அடி உயரம். 2094-ல் அதில் தண்ணி ஓடாது, நடைபாதை உடைந்திருக்கும், காய்ந்த தொட்டிக்குள் இறங்கி ஒவ்வொருவராகப் போகட்டும். முதலில் யார் போவது என்று அங்கே ஒரு பேச்சு வரும், அதை விட்டுவிடாதீர்கள்.

அப்புறம் வீடு. அம்மா செத்திருப்பாள், அப்பா மட்டும் இருப்பார். கதையில் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு எல்லாரும் சந்தோஷமாக இருந்தார்கள் என்று இரண்டு வரியில் முடித்துவிடுவார்கள். இரண்டு தடவை கொண்டுபோய் விட்ட அப்பா. அவர் பரிமாறுகிற முதல் கஞ்சியை அந்தப் பிள்ளைகள் எப்படிக் குடிப்பார்கள், அன்றைக்கு ராத்திரி யார் தூங்குவார்கள், சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் கேட்டால் பையன் என்ன செய்வான்? பிள்ளைகளைக் கொன்று முடிக்கிறதை விட இதை எழுதத்தான் நெஞ்சுரம் வேண்டும், உங்களால் முடியும், இருபத்தேழாம் பக்கத்தை எழுதின கை இது.

கடைசியாக ஒன்று, இது கொஞ்சம் சொந்த விஷயம். அந்த ஒக்கி ராத்திரியை நாவலில் எடுத்தால் உங்கள் அம்மா அப்பா ஒரு நாள் வாசிப்பார்கள். உங்கள் தம்பியை ஆஸ்டலில் விட்டார்களா இல்லையா என்று நீங்கள் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் புத்தகம் அச்சாகி வந்து அவர்களுக்குத் தெரிவதை விட, எழுதுவதற்கு முன்னால் நீங்களே சொல்லிவிடுவது நல்லது. நான் அன்றைக்குத் தூங்கவில்லை அம்மா என்று ஆரம்பியுங்கள். மன்னிப்புக் கேட்கவைப்பதற்காக இல்லை, அவர்கள் பக்கத்துக் கணக்கு என்னவாக இருந்தது என்று கேட்பதற்காக. கையில் எவ்வளவு பணம் இருந்தது, யாரிடம் கடன் கேட்டார்கள், அம்மா முதலில் சொன்னாளா அப்பாவா, மற்றவர் எத்தனை நேரம் பேசாமல் இருந்தார். வேண்டாம் என்று அவர்கள் முகம் மாறினால் அங்கேயே விட்டுவிடுங்கள், வேறு வீட்டைக் கற்பனை செய்துகொள்ளலாம், அவசரமில்லை.

நாற்பது பக்கத்தையும் திருத்த வேண்டாம் இப்போது. படுக்கையில் நடக்கிற அந்தப் பேச்சை மட்டும் நாலு பக்கத்துக்குள் எழுதி அனுப்புங்கள், பேச்சு நம் வீட்டில் பேசுகிற மாதிரியே இருக்கட்டும், பிள்ளியள என்று சொன்னால் பிள்ளியள என்றே எழுதுங்கள். அப்பா பால் வெட்டப் போக மூன்று மணிக்கு எழுந்திருப்பாரா நாலு மணிக்கா, நெற்றி லைட்டை வீட்டுக்குள் வைத்துக் கட்டுவாரா முற்றத்தில் இறங்கின பிறகா, அதையும் அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த வெளிச்சம் முதலில் எதன்மேல் விழுகிறது என்பதிலிருந்து அந்தக் காலையை ஆரம்பிக்கலாம்.